பொறக்கப்போற குழந்தைக்கு பேர் முடிவு பண்றது எப்படி: முதல் பேர், நடுப்பேர், கடைசிப் பேர் – முழுமையான வழிகாட்டி

சொந்தக்காரங்க, பிரெண்ட்ஸ், அவங்களோட பிரெண்ட்ஸ்னு நிறைய பேருக்கு பர்த் சர்டிபிகேட், ஆதார், பாஸ்போர்ட் ஃபார்ம் எல்லாம் கூட உக்காந்து நிரப்பி குடுத்திருக்கேன், முதல் குழந்தை பெத்தவங்க எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே இடத்துலதான் மாட்டிக்கறாங்க. மாசக்கணக்கா தேடி அழகான பேர் ஒண்ணை புடிச்சிடுவாங்க, ஆனா அதுக்கு முன்னாடி பின்னாடி என்ன வரும், ஆங்கிலத்துல எப்படி எழுதறது, இனிஷியலை விரிச்சா என்ன ஆகும்னு ஆஸ்பத்திரில ஃபார்மை நீட்டறப்பதான் யோசிக்கவே ஆரம்பிப்பாங்க.

வரிசையை அப்படியே திருப்பிப் போடணும். மொதல்ல பேரோட அமைப்பு, அப்புறம்தான் பேர். கீழ இருக்கற வரிசைலயே போங்க, ஒவ்வொண்ணும் அடுத்ததுக்கு வேலையை குறைக்கும்.

தொடங்கறதுக்கு முன்னாடி கையில இருக்க வேண்டியது

அம்மா அப்பா ரெண்டு பேரோட பாஸ்போர்ட் இருந்தா பாஸ்போர்ட், ஆதார், பத்தாவது மார்க் ஷீட், கல்யாண சர்டிபிகேட். இதை எல்லாம் டேபிள்ல பக்கத்துல பக்கத்துல வெச்சு உங்க பேரே எல்லாத்துலயும் ஒரே மாதிரி இருக்கான்னு பாருங்க. ஆதார்ல "முருகன் எஸ்", மார்க் ஷீட்ல "எஸ். முருகன்", பாஸ்போர்ட்ல "முருகன் சுந்தரம்"னு மூணு விதமா இருக்கறது நம்ம ஊர்ல ரொம்ப சாதாரணம்.

இதை ஏன் மொதல்ல பாக்கணும்னா குழந்தையோட பர்த் சர்டிபிகேட்ல அப்பா பேர் அம்மா பேர் கட்டாயம் வரும், அது உங்க டாக்குமென்டோட ஒத்துப் போகலைன்னா பின்னாடி குழந்தை பாஸ்போர்ட்டுக்கு போறப்ப குழந்தை பேர்ல பிரச்சனையே இல்லாம இருந்தாலும் உங்க பேர்ல நிறுத்திடுவாங்க. திருத்தணும்னா பிரசவத்துக்கு முன்னாடியே திருத்திடுங்க, கைக்குழந்தையை வெச்சுக்கிட்டு இ-சேவை மையத்துக்கு அலையறது கஷ்டம். ஆதார்ல பேர் திருத்த மொத்தமே ரெண்டு வாட்டிதான் விடறாங்க, அதனால எந்த வடிவத்துக்கு மாத்தறதுன்னு 1-வது படியை படிச்சுட்டு முடிவு பண்ணுங்க.

தமிழ்நாட்டுல பிரசவம்னா பிக்மி நம்பர்னு சொல்ற 12 இலக்க ஆர்சிஹெச் ஐடியும் வேணும். கர்ப்பம் உறுதியானதும் ஏரியா நர்ஸ்கிட்ட பதிஞ்சு வாங்கிடுங்க, பிறப்பு பதிவுக்கு அதை கேப்பாங்க.

1. கடைசிப் பேர் என்னன்னு மொதல்ல முடிவு பண்ணுங்க

இதுதான் முதுகெலும்பு. நம்ம பக்கம் பெரும்பாலான குடும்பத்துக்கு குடும்பப் பேர்னு ஒண்ணு கிடையாது, அப்பா பேரோட முதல் எழுத்து இனிஷியல், அவ்ளோதான். ஆனா பாஸ்போர்ட் ஃபார்ம்ல இனிஷியல் போட முடியாது, விரிச்சுத்தான் எழுதணும், கிவன் நேம், சர்நேம்னு ரெண்டே கட்டம், நடுப்பேருக்குன்னு தனி கட்டம் கூட இல்ல. அதனால வீட்டுல "மு. நிலா"ன்னு சொல்றது பாஸ்போர்ட்ல எப்படி நிக்கும்னு இப்பவே தெரிஞ்சிருக்கணும்.

உதாரணத்துக்கு தாத்தா சுந்தரம், அப்பா முருகன், பொண்ணு நிலான்னு வெச்சுக்கோங்க. அப்பா பாஸ்போர்ட்ல கிவன் நேம் முருகன், சர்நேம் சுந்தரம். உங்க முன்னாடி மூணு வழி இருக்கு.

ஒண்ணு, வழக்கமான வழி: நிலா முருகன். அப்பா பேர்தான் கடைசிப் பேர். இந்தியாவுல இருக்கறவங்களுக்கு இது போதும், ஸ்கூல்ல "மு. நிலா"ன்னு போட்டாலும் அதோட விரிவு இதுதான், எங்கயும் முரண் வராது. அம்மாவும் கல்யாணத்துக்கு அப்புறம் கவிதா முருகன்னு மாத்தியிருந்தா அம்மாவுக்கும் குழந்தைக்கும் கடைசிப் பேர் ஒண்ணா இருக்கும், அப்பா மட்டும்தான் சுந்தரம்னு தனியா நிப்பாரு.

ரெண்டு, குடும்பப் பேரா உறைய வெக்கறது: நிலா சுந்தரம். தாத்தா பேரே இனிமே பரம்பரை பரம்பரையா கடைசிப் பேர். வெளிநாட்டுல செட்டில் ஆனவங்க நிறைய பேர் இப்படி பண்றாங்க, அப்பாவுக்கும் புள்ளைக்கும் ஒரே சர்நேம் இருக்கறதால ஸ்கூல்லயும் இமிக்ரேஷன் கவுன்ட்டர்லயும் கேள்வி குறையும்.

மூணு, ரெண்டையும் சேக்கறது: நிலா முருகன் சுந்தரம். அப்பா பேர் நடுப்பேர், தாத்தா பேர் குடும்பப் பேர். அமெரிக்கா, கனடா, இங்கிலாந்துல பொறக்கப் போற குழந்தைக்கு நான் சொல்றது இதைத்தான், நம்ம முறையும் நிக்குது, அந்த ஊர் ஃபார்ம்ல இருக்கற மூணு கட்டமும் நிரம்புது, அப்பாவும் குழந்தையும் ஒரே சர்நேம்ல இருக்காங்க. இந்தியாவுலயே வளரப் போற குழந்தைக்கு முதல் வழியே நல்லது, மூணு பேர் இருந்தா இங்க ஒவ்வொரு ஆபீஸ்லயும் ஒவ்வொரு மாதிரி சுருக்குவாங்க.

அம்மா பேரையும் இனிஷியலா, கடைசிப் பேரா வெக்கலாம், ரெண்டு பேர் இனிஷியலையும் சேத்தும் வெக்கலாம். 2016 டிசம்பர்ல இருந்து பாஸ்போர்ட்டுக்கு அம்மா அப்பா ரெண்டு பேர்ல ஒருத்தர் பேர் இருந்தாலே போதும்னு விதியையே மாத்திட்டாங்க, அதனால தனியா வளக்கற அம்மாக்கள் இதை நெனச்சு பயப்பட வேண்டாம். எது வெச்சாலும் எல்லா ஃபார்ம்லயும் அதையே வெக்கணும், அதுதான் முக்கியம்.

இந்த படில ரெண்டு தப்பு அடிக்கடி நடக்குது. சர்நேம் கட்டத்தை காலியா விடறது முதல் தப்பு. 2022 நவம்பர்ல ஐக்கிய அரபு அமீரகம் பாஸ்போர்ட்ல ஒத்தை பேர் மட்டும் இருக்கறவங்களை விசிட் விசால உள்ள விடமாட்டோம்னு சொல்லிடுச்சு, அப்புறம் பாஸ்போர்ட்டோட ரெண்டாவது பக்கத்துல அப்பா பேரோ குடும்பப் பேரோ இருந்தா சரின்னு விளக்கம் குடுத்தாங்க. அமெரிக்க விசால சர்நேம் இல்லைன்னா உங்க பேரை தூக்கி சர்நேம் இடத்துல போட்டுட்டு முதல் பேர் இடத்துல எஃப்-என்-யூன்னு அடிச்சுடுவாங்க, முதல் பேர் தெரியலைன்னு அர்த்தம், அதுக்கப்புறம் பேங்க், லைசென்ஸ் எல்லாத்துலயும் அந்த மூணு எழுத்து கூடவே வரும்.

ரெண்டாவது தப்பு, கட்டம் காலியா இருக்கேன்னு சாதிப் பேரை கொண்டு வந்து நிரப்பறது. 1929-ல செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுல வேண்டாம்னு தீர்மானம் போட்டு, நம்ம தாத்தாக்கள் காலத்துல விட்டொழிச்சதை ஒரு ஃபார்முக்காக குழந்தை தலைல திரும்ப ஏத்தாதீங்க. அப்பா பேரோ தாத்தா பேரோ தாராளமா போதும்.

2. குழந்தை எந்த ஊர்ல பொறக்கப் போகுது, எவ்ளோ டைம் இருக்கு

டைம் தெரிஞ்சாதான் எப்ப பேர் தயாரா இருக்கணும்னு தெரியும். இந்தியாவுல பிறப்பை 21 நாளுக்குள்ள பதியணும், ஆஸ்பத்திரில பொறந்தா அவங்களே அனுப்பிடுவாங்க. ஆனா பேர் அப்பவே குடுக்கணும்னு கட்டாயம் இல்ல. பேர் இல்லாமலே பதிஞ்சுட்டு 12 மாசத்துக்குள்ள கட்டணம் இல்லாம பேர் ஏத்தலாம், அதுக்கப்புறம் தாமதக் கட்டணம் கட்டி 15 வருஷம் வரைக்கும் ஏத்தலாம். இது தெரியாம ஆஸ்பத்திரில கேட்ட உடனே அவசரத்துல வாய்க்கு வந்ததை எழுதி குடுத்தவங்க நிறைய பேர். பேர் முடிவாகலைன்னா தைரியமா காலியா விடுங்க.

வெளிநாட்டுல இந்த வசதி குறைவு. அமெரிக்காவுல பொதுவா டிஸ்சார்ஜ் ஆகறதுக்கு முன்னாடியே ஆஸ்பத்திரில ஃபார்ம் வாங்கிடுவாங்க, இங்கிலாந்துல 42 நாள், கனடாவோட ஒன்டாரியோ மாகாணத்துல 30 நாள். அங்க இருக்கறவங்க எட்டாவது மாசத்துலயே எல்லாம் முடிச்சு வெச்சிருக்கறது நல்லது.

3. வீட்டுப் பெரியவங்க நிபந்தனையை லிஸ்ட் போடறதுக்கு முன்னாடியே கேளுங்க

லிஸ்ட் போட்டு ஒரு பேரை மனசுல வெச்சுட்டு அப்புறம் போய் கேட்டா சண்டைதான். "பேர் என்ன வெக்கலாம்"னு கேக்காதீங்க, "பேர்ல என்ன கட்டாயம் இருக்கணும்னு நெனைக்கறீங்க"ன்னு கேளுங்க. ரெண்டு பக்கத்து தாத்தா பாட்டியும் சொல்றதை எழுதிக்கோங்க. பெரும்பாலும் வர்றது குலதெய்வம் பேர், தாத்தா பேர், நட்சத்திர எழுத்து, இவ்ளோதான். கிறிஸ்தவ வீட்டுல ஞானஸ்நானப் பேர், முஸ்லிம் வீட்டுல ஏழாம் நாள் அகீகாவுக்குள்ள பேர் வேணும்ங்கறது.

நட்சத்திர எழுத்து விஷயத்துல கொஞ்சம் கணக்கு புரிஞ்சுக்கணும். நட்சத்திரம் கிட்டத்தட்ட ஒரு நாளுக்கு ஒண்ணு மாறும், அதுல நாலு பாதம், அதாவது சுமார் ஆறு மணி நேரத்துக்கு ஒரு எழுத்து. அசுவினிக்கு சு, சே, சோ, லா. கார்த்திகைக்கு அ, இ, உ, எ. ரோகிணிக்கு ஒ, வ, வி, வு. டாக்டர் குடுத்த தேதிய வெச்சு முன்கூட்டி எழுத்து புடிக்கவே முடியாது, தேதி நாலு நாள் தள்ளிப் போனா எல்லாம் மாறிடும். திருவாதிரைக்கு குடுக்கற எழுத்துல "ங" கூட இருக்கு, அதுல யாரும் பேர் வெக்க முடியாது, அதனால ஜோசியரே வேற எழுத்து சொல்லுவாரு.

நான் சொல்ற வழி, வீட்டுல நட்சத்திர எழுத்து கட்டாயம்னா ஒண்ணு, புண்ணியாஜனத்துல காதுல மூணு வாட்டி சொல்ற பேரை அந்த எழுத்துல வெச்சுட்டு சர்டிபிகேட் பேரை தனியா வெச்சுக்கோங்க, இல்லைன்னா இந்தியாவுல இருக்கற அந்த 12 மாசத்தை பயன்படுத்தி பொறந்த அப்புறம் எழுத்து தெரிஞ்சு தேடுங்க. நியூமராலஜி பாக்கறவங்களும் சர்டிபிகேட்டுக்கு முன்னாடியே பாத்துடுங்க. எனக்கு அதுல நம்பிக்கை இல்ல, ஆனா நம்பறவங்க எல்லாத்தையும் பதிஞ்சுட்டு ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு எச் எக்ஸ்ட்ரா சேக்கணும்னு வந்து நிக்கறதை பாக்க கஷ்டமா இருக்கு.

4. ரெண்டு லிஸ்ட் போடுங்க

இந்தியாவுல ஆணா பொண்ணான்னு முன்னாடியே பாக்கறது 1994 சட்டப்படி குற்றம், அதனால பையன் பேர் லிஸ்ட் ஒண்ணு பொண்ணு பேர் லிஸ்ட் ஒண்ணு, ரெண்டும் சமமா உழைச்சு போடணும். ஒரு பக்கத்துக்கு மட்டும் தயாரா இருந்துட்டு இன்னொண்ணுக்கு கடைசி நேரத்துல ஏதோ ஒண்ணு வெக்கறது அந்த குழந்தைக்கு செய்யற அநியாயம்.

அம்மா தனியா பத்து பேர், அப்பா தனியா பத்து பேர் எழுதுங்க, அப்புறம் மாத்திக்கோங்க. ஒவ்வொருத்தருக்கும் காரணம் சொல்லாம அடிக்கற உரிமை இருக்கணும். பழைய காதல், ஸ்கூல்ல அடிச்ச டீச்சர், இதை எல்லாம் தோண்டித் துருவிக் கேக்க வேண்டாம், அடிச்சா அடிச்சதுதான். மிஞ்சறது நாலஞ்சு இருந்தா போதும்.

பேர் எங்க தேடறதுன்னா, பேபி நேம் ஆப்ல மட்டும் தேடாதீங்க. எல்லாரும் அதே ஆப்ல "அ"வுல ஆரம்பிக்கற பக்கத்தைத்தான் பாக்கறாங்க, அதனாலதான் ஒரே எல்கேஜில ஒரே மாதிரி பேர் அத்தனை. உங்க குடும்ப மரத்தை எழுதிப் பாருங்க, கொள்ளுப்பாட்டி பேர்ல சில நேரம் பொக்கிஷம் கிடைக்கும். பூ, மரம், ஆறு, பண், நிலம் பேர்களை பாருங்க. முகிலன், செழியன், ஆதிரை, யாழினி, இனியன், கயல்னு தமிழ்ல இல்லாததா.

5. அர்த்தத்தை அகராதியில பாருங்க

நெட்ல "இந்தப் பேருக்கு சூரிய ஒளினு அர்த்தம்"னு எழுதியிருக்கறதுல பாதி யாரோ கட்டினது. ஒரு தளம் எழுதினதை இன்னொண்ணு காப்பி அடிக்கும், பத்து இடத்துல இருக்குன்னு நாம நம்பிடுவோம். தமிழ்ப் பேருக்கு சென்னைப் பல்கலைக்கழகத்தோட தமிழ் லெக்சிகன், சமஸ்கிருதப் பேருக்கு மோனியர் வில்லியம்ஸ் அகராதி, ரெண்டுமே ஆன்லைன்ல இலவசமா தேடலாம். அரபிப் பேருக்கு பள்ளிவாசல்ல அரபி தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட எழுதிக் காட்டி கேளுங்க.

அகராதியில இல்லாத பேர் வெக்கக் கூடாதுன்னு இல்ல, ஓசைக்காக வெக்கறேன்னா தாராளமா வெங்க. ஆனா பெரியவளாகி அர்த்தம் கேக்கறப்ப பொய்யான அர்த்தம் சொல்ற நிலைமை வரக்கூடாது.

6. வாயால சொல்லிப் பாருங்க

மொட்டை மாடில நின்னு தெருவுல விளையாடற புள்ளையை கூப்பிடற மாதிரி சத்தமா கூப்பிடுங்க. ரெண்டு மூணு அசைக்கு மேல போனா வீட்டுல எப்படியும் சுருக்கிடுவாங்க, அந்த சுருக்கம் உங்களுக்கு புடிச்சிருக்கான்னு இப்பவே பாருங்க. தாத்தா பேரை பேரனுக்கு வெக்கற வீட்டுல மாமனார் பேரை மருமக சொல்லி கூப்பிட தயங்குவாங்க, அப்ப கண்டிப்பா கூப்பிடற பேர்னு ஒண்ணு தனியா வரும், அதையும் சேத்து யோசிச்சு வெங்க.

பாட்டி வாயில வருதான்னு பாருங்க. க்ஷ, ஹ்ர, த்வி மாதிரி சேர்ந்து வர்ற பேரை கிராமத்து பாட்டி தன் வாய்க்கு வர்ற மாதிரி மாத்தித்தான் கூப்பிடுவாங்க, அது உங்களுக்கு சம்மதம்னா சரி.

இனிஷியலோட சேத்து தமிழ்ல எழுதி வாசிங்க. அப்பா சுரேஷ், பொண்ணு மதின்னா "சு. மதி", அந்தப் புள்ளியை ஒருத்தர் விட்டுட்டா "சுமதி"ன்னு ஆகி லிஸ்ட்ல வேற ஆள் ஆகிடுவா. தமிழ்ல பேர் எழுதறப்ப முன்னெழுத்தும் தமிழ்லயே இருக்கணும்னு தமிழ்நாடு அரசு 2021-ல சொல்லிடுச்சு, அதனால இந்த சோதனை இப்ப ரொம்ப தேவை.

7. ஆங்கில ஸ்பெல்லிங் – இங்கதான் அதிக நேரம் செலவு பண்ணணும்

பேர் தமிழ்ல ஒண்ணுதான், ஆனா டாக்குமென்ட் எல்லாம் ஆங்கில ஸ்பெல்லிங்கை வெச்சுத்தான் ஒப்பிடும். ஒரு எழுத்து மாறினா சிஸ்டத்துக்கு அது வேற ஆள். அதனால பேர் முடிவான உடனே ஸ்பெல்லிங்கை ஒரு பேப்பர்ல பெரிய எழுத்துல எழுதி ரெண்டு பேரும் போட்டோ எடுத்து போன்ல வெச்சுக்கோங்க, யார் ஃபார்ம் நிரப்பினாலும் அதைப் பாத்துத்தான் எழுதணும்.

எங்க எல்லாம் சிக்கல் வரும்னா: நம்ம ஊர்ல த-வுக்கு டி-எச் போடுவோம், வடக்க வெறும் டி, கார்த்திக்ங்கற ஒரே பேர் ரெண்டு விதமா இருக்கறது இதனாலதான். எது வேணாலும் வெங்க, ஆனா ஒரே பேருக்குள்ள ரெண்டையும் கலக்காதீங்க. ழ-வுக்கு தமிழ்நாட்டுல இஸட்-எச், ஈழத் தமிழர்கள் பெரும்பாலும் எல் போடுவாங்க. இஸட்-எச் போட்டா வெளிநாட்டுல யாழினியை யாஜினின்னு ஏதோ மாதிரி படிப்பாங்க, எல் போட்டா யாலினின்னு கிட்டத்தட்ட வந்துடும். வெளிநாட்டுல வளரப் போற குழந்தைக்கு எல் நல்லதுன்னு நான் நெனைக்கறேன், இங்க வளர்றதுக்கு இஸட்-எச், ஏன்னா இங்க அதைப் பாத்தாலே ழன்னு புரியும்.

நெடில் எழுத்துக்கு ரெண்டு ஏ போடறதா ஒண்ணு போடறதாங்கறது அடுத்தது. ஆதிராவுக்கு ஒத்தை ஏ போட்டா அதிரான்னு படிக்க வாய்ப்பு இருக்கு, ரெண்டு போட்டா நீளம். முதல் எழுத்து நெடிலா இருந்தா மட்டும் ரெண்டு, நடுவுல கடைசில ஒண்ணே போதும்னு வெச்சுக்கிட்டா பேர் அளவா இருக்கும்.

ல, ள ரெண்டுக்கும் ஒரே எழுத்து (ழ-வுக்கு எல் போட்டா அதுக்கும்), ந, ன, ண மூணுக்கும் ஒரே எழுத்து, ர, ற ரெண்டுக்கும் அதேதான். சில இடத்துல ஆங்கிலத்துல ஏத்தினதை சாஃப்ட்வேர் தானாவே தமிழாக்கும், அப்ப இளவேனில் "இலவேனில்" ஆகிடுவா. திரையில தமிழ்ப் பேரையும் பாக்கணும்னு ஆபரேட்டர்கிட்ட சொல்லி நீங்களே டைப் பண்ணி குடுங்க.

ஆங்கிலத்துல எழுதி வாசிச்சா வேற அர்த்தம் வருதான்னும் பாருங்க. "ஷித்"னு முடியற பேர்கள் தமிழ்லயும் சமஸ்கிருதத்துலயும் நல்லாத்தான் இருக்கும், ஆனா இங்கிலீஷ் பேசற ஊர் ஸ்கூல்ல அந்த கடைசி நாலஞ்சு எழுத்தை வெச்சு குழந்தையை அழ வெச்சுடுவாங்க. வெளிநாடு போற எண்ணம் இருந்தா அந்த முடிவை தவிர்த்துடுங்க.

இடைவெளி ரொம்ப முக்கியம். "ஸ்ரீ வர்ஷினி"ன்னு பிரிச்சு எழுதினா வெளிநாட்டுல முதல் பேர் ஸ்ரீ, நடுப்பேர் வர்ஷினி ஆகிடும், டீச்சர் ஸ்ரீன்னுதான் கூப்பிடுவாங்க. முஸ்லிம் குழந்தைகளுக்கும் இதே கதை, "முகமது"ன்னு தனியா முன்னாடி வந்தா கிளாஸ்ல பாதி பேர் முகமது, அதையும் சில இடத்துல முழுசா சில இடத்துல சுருக்கமா எழுதி வெச்சுடுவாங்க. கூப்பிடற பேர் எதுவோ அது மொதல்ல வரட்டும், இல்லைன்னா சேத்து ஒரே சொல்லா எழுதுங்க.

8. நடுப்பேர் வேணுமா, எதுக்கு

3-வது படில பெரியவங்க சொன்னதுல முதல் பேர்ல இடம் கிடைக்காததுக்கு இங்க இடம் இருக்கு. தாத்தா பேர், குலதெய்வம், அம்மா பேர், பாட்டி பேர். பொண்ணுக்கு பாட்டி பேரை நடுப்பேரா வெக்கறது எனக்கு ரொம்ப புடிக்கும், அம்மா வழி பேர்கள் நம்ம முறைல ஒரு தலைமுறையிலயே காணாம போயிடுது, அதை காப்பாத்த இது நல்ல வழி.

ஆனா ஒண்ணுக்கு மேல வேண்டாம். பாஸ்போர்ட்ல நடுப்பேர் கிவன் நேம் கட்டத்துலயே முதல் பேரோட சேந்துடும், டிக்கெட்ல ரெண்டும் ஒட்டி ஒரே சொல்லா வரும், அது பிரச்சனை இல்ல, ஆனா நீளம் பிரச்சனை. பாஸ்போர்ட்டோட கீழ மெஷின் படிக்கற வரில பேருக்கு மொத்தம் 39 இடம்தான். திருஞானசம்பந்தம்னு வழக்கமா எழுதற ஸ்பெல்லிங்ல 19 எழுத்து, பாலசுப்ரமணியன் 15, நடுவுல பிரிக்கற குறி ரெண்டு, மொத்தம் 36 ஆச்சு. இதுக்கு மேல ஒரு நடுப்பேர் சேத்தா வெட்டிடும். அப்பா பேர் நீளமா இருந்தா குழந்தை பேர் சின்னதா இருக்கட்டும்.

இந்தியாவுலயே இருக்கப் போறீங்கன்னா நடுப்பேர் இல்லாம விடறதுதான் நல்லது.

9. முழுப் பேரையும் ஃபார்ம் மாதிரி எழுதி பாருங்க

ஒரு பேப்பர்ல அஞ்சு வரி எழுதுங்க. தமிழ்ல இனிஷியலோட. ஆங்கிலத்துல இனிஷியலோட. பாஸ்போர்ட் மாதிரி கிவன் நேம், சர்நேம். ஆதார் மாதிரி ஒரே வரியா. வெளிநாட்டு ஃபார்ம் மாதிரி முதல், நடு, கடைசி. இந்த அஞ்சுலயும் அதே ஆள்தான்னு பாத்த உடனே தெரியணும். எங்கயாவது உங்களுக்கே சந்தேகம் வந்தா கவுன்ட்டர்ல இருக்கறவருக்கு கண்டிப்பா வரும்.

அதுக்கப்புறம் ரெண்டு வாரம் அந்தப் பேரை வீட்டுக்குள்ள மட்டும் புழங்குங்க, வயித்துல இருக்கற குழந்தையை அந்தப் பேர் சொல்லி பேசுங்க. வெளில சொல்லாதீங்க, சொன்னா ஆளுக்கு ஒரு கருத்து வரும், பொறந்து பேர் வெச்ச அப்புறம் யாரும் அவ்ளோவா பேச மாட்டாங்க.

10. பர்த் சர்டிபிகேட்ல ஏத்தறது

இந்த ஒரு பேப்பருக்கு இப்ப இருக்கற மதிப்பு முன்னாடி கிடையாது. 2023-ல பிறப்பு இறப்பு பதிவுச் சட்டத்தை திருத்தினாங்க, அந்த வருஷம் அக்டோபர் 1-ல இருந்து பொறந்த குழந்தைகளுக்கு ஸ்கூல், லைசென்ஸ், வாக்காளர் பட்டியல், ஆதார் எல்லாத்துக்கும் பொறந்த தேதி, இடத்துக்கு ஆதாரமா இது ஒண்ணே போதும், பாஸ்போர்ட்டுக்கு பொறந்த தேதி ஆதாரமா இதை மட்டும்தான் ஏத்துக்குவாங்க. அதனால இதுல இருக்கற பேர்தான் பேர்.

ஃபார்ம்ல பேர் எழுதறப்ப இனிஷியல் போடாம விரிச்சு எழுதுங்க, "நிலா முருகன்"னு. வெறும் "நிலா"ன்னு விட்டா ஸ்கூல் ஒண்ணு சேக்கும், ஆதார் ஒண்ணு சேக்கும். தமிழ், ஆங்கிலம் ரெண்டும் கேப்பாங்க, ஆங்கிலத்தை கேபிட்டல் எழுத்துலயும் தமிழை தெளிவான கையெழுத்துலயும் நீங்களே எழுதுங்க. நர்ஸ்கிட்ட வாயால சொல்லி அவங்க காதுல விழுந்த மாதிரி எழுதறதுதான் பாதி பிழைக்கு காரணம், அவங்க மேல தப்பு இல்ல, அவங்களுக்கு இருக்கற வேலை அப்படி.

அம்மா அப்பா பேர், அட்ரஸ் எல்லாம் உங்க டாக்குமென்ட் படி இருக்கான்னு எழுத்து எழுத்தா பாருங்க. பிரின்ட் வந்த உடனே அங்கயே நின்னு படிங்க. எழுத்துப் பிழையை திருத்தறது முடியற காரியம், ஆனா பேர் ஒரு தடவை ஏறிட்டா புடிக்கலைன்னு வேற பேர் வெக்கறது கிட்டத்தட்ட முடியாது, அரசிதழ்ல பேர் மாற்றம் குடுத்து அந்த பேப்பரை காலம் பூரா கூடவே தூக்கிட்டு போகணும்.

11. அதுக்கு அப்புறம் வரிசையா

சர்டிபிகேட்ல பேர் ஏறின அப்புறம்தான் மத்ததெல்லாம். "பேபி ஆஃப் கவிதா"ன்னு ஆஸ்பத்திரி பேப்பர்ல இருக்கறதை வெச்சு இன்சூரன்ஸ்ல அவசரத்துக்கு சேத்திருந்தா, பேர் வந்த உடனே அதை மாத்த எழுதி குடுங்க, கிளெய்ம் வர்றப்ப பாத்துக்கலாம்னு விடாதீங்க. அடுத்து ஆதார், அஞ்சு வயசுக்குள்ள நீல கலர் பால் ஆதார், அஞ்சு வயசுலயும் பதினஞ்சு வயசுலயும் கைரேகை புதுப்பிக்கணும், ஒவ்வொரு வாட்டியும் பேர் ஸ்பெல்லிங்கை திரையில பாத்துட்டுத்தான் ஓகே சொல்லணும். அப்புறம் பாஸ்போர்ட் தேவைன்னா பாஸ்போர்ட்.

ஸ்கூல் அட்மிஷன் ஃபார்ம்ல சர்டிபிகேட்ல இருக்கற மாதிரியே எழுதி, இனிஷியல்தான் போடுவோம்னு ஸ்கூல்ல சொன்னா எந்தப் பக்கம் போடறாங்கன்னு கேட்டு வெச்சுக்கோங்க. பத்தாவதுக்கு பேர் லிஸ்ட் அனுப்பறப்ப ஸ்கூல்ல ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்குவாங்க, அதைப் படிக்காம கையெழுத்து போடாதீங்க, மார்க் ஷீட்ல அதான் வரும்.

ரெண்டாவது குழந்தை வர்றப்ப 1-வது படியை திரும்ப பண்ண வேண்டாம், மூத்ததுக்கு வெச்ச அதே கடைசிப் பேர், அதே ஸ்பெல்லிங், அதே இடத்துல. அக்காவுக்கு முருகன், தம்பிக்கு சுந்தரம்னு ஒரே வீட்டுல ரெண்டு விதமா வெச்சவங்களை பாத்திருக்கேன், கூடப் பொறந்தவங்கன்னு நிரூபிக்க ரெண்டு பர்த் சர்டிபிகேட்டையும் எப்பவும் பையில வெச்சுக்கிட்டு திரியறாங்க. முதல் பேர் மட்டும் புதுசா தேடுங்க, மூத்தது பேரோட ஆரம்ப எழுத்து வேறயா இருக்கற மாதிரி பாத்துக்கோங்க, ரெண்டு பேருக்கும் ஒரே இனிஷியல், ஒரே முதல் எழுத்துன்னா தபால்லயும் மருந்து சீட்டுலயும் மாறிப் போகும்.